கணியமும் பகிர்வும்: கடலறிவின் உடைமை குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

நெய்தல் நில மக்களின் தொழிலறிவைத் தொகுப்பது தமிழ்த்துறைகளின் நாட்டார் வழக்காற்று ஆய்வில் நெடுநாளாக இடம்பெற்றுவரும் பணியாகும். தொழிற்சொற்கள், பாடல்கள், சடங்குகள் எனப் பலவும் திரட்டப்பட்டுள்ளன. ஆயினும் அவ்வாறு திரட்டப்படும் அறிவு யாருடையது, அதனை வெளியிட ஆய்வாளருக்கு எந்த அளவு உரிமை உண்டு என்னும் வினாக்கள் போதிய கவனம் பெறவில்லை. கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மாவட்டக் கடற்கரைகளில் வழங்கும் ‘கணியம்’ என்னும் இடமறி முறையை முன்வைத்து இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணியமும் பாரும்

கடலடியில் பாறை செறிந்த மேட்டினை மீனவர் ‘பார்’ என்பர். முத்துப்பார் என்னும் வழக்கிலும் இச்சொல் உள்ளது. பார்களில் மீன்கள் ஒதுங்கும், இரைதேடும், இனம்பெருக்கும். கண்ணுக்குப் புலப்படாத இந்த இடத்தைக் கரையிலுள்ள குறிகளைக் கொண்டு கண்டறிவதே கணியம். அருகிலுள்ள ஒரு கோபுரமும் தொலைவிலுள்ள ஒரு மலைமுகடும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுமாறு மரத்தைச் செலுத்தினால் ஒரு நேர்கோடு கிடைக்கும். வேறு திசையில் அமைந்த மற்றோர் இணைக்குறி இரண்டாவது கோட்டைத் தரும். இரண்டும் வெட்டுமிடமே பார். கயிற்றில் கட்டிய எடையை இறக்கி ஆழமும் தரையின் தன்மையும் உறுதி செய்யப்படும்.

கணியன் பூங்குன்றனார் என்னும் பெயரில் வரும் ‘கணியன்’ காலத்தைக் கணிப்பவன். கடற்கரைக் கணியமோ இடத்தைக் கணிப்பது. இரண்டற்கும் ‘கணி’ என்பதே அடி.

இவ்வறிவு தந்தையிடமிருந்து மகனுக்கும், மூத்த தொழிலாளியிடமிருந்து உடன் தொழில் செய்வோனுக்கும் கடலிலேயே கைமாறியது. பிறருக்கு அது எளிதில் சொல்லப்படவில்லை. காற்று, நீரோட்டம், அலை ஆகியவற்றைப் பற்றிய அறிவோ கரையில் அனைவரும் பேசிய பொதுப்பொருள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்னும் காற்றுப் பெயர்கள் எந்தக் குடும்பத்தின் உடைமையும் அல்ல. உயிர்காக்கும் அறிவு பொதுவாகவும், பொருள்தரும் இட அறிவு காக்கப்பட்டதாகவும் இருந்தமை ஊன்றி நோக்கத்தக்கது.

மறைத்தலின் இரு முகங்கள்

இம்மறைப்பை வெறும் தன்னலம் எனலாமா? கடல் எவருக்கும் பட்டா நிலமன்று. ஆகவே பாரினை அறிந்தவன் அறியாதவனிடம் மறைத்தல் முறையன்று என வாதிடலாம். இவ்வாதத்தில் உண்மை உண்டு. மறைத்தவருள் அனைவரும் மீன்வளத்தைக் காக்கும் எண்ணத்துடனேயே மறைத்தனர் எனக் கொள்வது மிகையாகும். போட்டியும் அதில் இருந்தது.

எனினும் எண்ணத்தையும் விளைவையும் வேறுபடுத்திப் பார்த்தல் வேண்டும். கணியத்தைக் கற்கப் பல்லாண்டுகள் கடலில் உழைக்க வேண்டும். அவ்வுழைப்பினூடே எந்தப் பருவத்தில் எந்தப் பாரில் தொழில் செய்வது என்னும் அறிவும் சேர்ந்தே வந்தது. அறிவைப் பெறுவதிலிருந்த அருமையே அதன் பயன்பாட்டிற்கு எல்லையாகவும் அமைந்தது.

இத்தகைய எல்லையைக் கருவியின் அமைப்பிலும் காணலாம். மன்னார் வளைகுடாக் கரையில் மரக்கிளையும் பனைநாரும் கொண்டு பின்னப்பட்ட மீன்கூட்டில் சிறுமீன் கண்ணிடுக்கு வழியே வெளியேறும். அகப்பட்டது உயிருடன் இருப்பதால் வேண்டாததைத் திரும்ப விடலாம். கடலில் தொலைந்த கூடும் நாளடைவில் மக்கிவிடும். இரும்புச் சட்டமும் நைலான் வலையும் கொண்ட கூடு தொலைந்தபின்னும் நெடுநாள் மீனைக் கொல்லும். பட்டினப்பாலை காட்டும் பரதவர் முழுமதி நாளில் கடலுக்குச் செல்லாது சுறாக்கோட்டினை நட்டு வழிபட்டனர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. வழிபாட்டின் நோக்கம் எதுவாயினும் அன்று கடலுக்கு ஓய்வு கிடைத்தது.

கருவி மாற்றமும் அறிவின் பிரிவும்

1953இல் தொடங்கிய இந்திய-நார்வே திட்டத்தின் வழி கேரளக் கரையில் விசைப்படகுத் தொழில் வேரூன்றியது. இழுவைமடிகள் கடலடியைச் சுரண்டியதால் எழுந்த பூசல்களின் பின்னணியில் கேரளம் 1980இலும் தமிழ்நாடு 1983இலும் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டங்களை இயற்றின. திருவனந்தபுரம் கரையின் மீனவர் கல்லும் தென்னந்தடியும் இட்டுத் தாமே செயற்கைப் பார்களை அமைத்ததைப் பொருளியலறிஞர் ஜான் குரியன் ஆராய்ந்துள்ளார். பாரினை அறிந்தவர்களே அதனை மீண்டும் ஆக்கவும் முற்பட்டனர் என்பது இதன் பொருள்.

2000 மே மாதத்தில் அமெரிக்கா செயற்கைக்கோள் இடங்காட்டிக் குறிகளில் வேண்டுமென்றே வைத்திருந்த துல்லியக் குறைப்பை நீக்கியது. இன்று ஒரு பாரின் இருப்பிடம் சில எண்களாக ஒரு கருவியில் அடங்கிவிடுகிறது. எண்களைப் படியெடுக்கலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் அவற்றோடு பருவமும் அளவும் உடன்செல்வதில்லை. அறிவு அறிந்தவனிடமிருந்து பிரிகின்றது. அறிவோடு பிணைந்திருந்த கடமை அறுந்துபோகின்றது.

ஆய்வாளரின் கடமை

களஆய்வில் ஒருவர் கூறும் கணியத்தை அப்படியே அச்சிடும் ஆய்வாளர், தாம் அறியாமலே இப்பிரிவை நிறைவுசெய்கிறார். அதே வேளையில் எழுதாது விடுவதிலும் இழப்பு உண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் இவ்விரு மாவட்டங்களின் மீனவர் பலரைக் கொண்டுசென்றபோது, அவர்களுடன் எழுதப்படாத கடலறிவும் மறைந்தது. மௌனம் மட்டுமே அறமாகிவிடாது.

ஆகவே முறையையும் இடத்தையும் வேறுபடுத்துதல் தகும். கணியம் பார்க்கும் முறை, அதன் சொற்கள், காற்று நீரோட்ட அறிவு ஆகியன வெளியிடப்பட வேண்டியவை. குறிப்பிட்ட பாரின் குறிகளோ அவற்றைக் காத்த ஊராரின் இசைவின்றி வெளிவரலாகாது. அவற்றைப் பதிவு செய்தாலும் அப்பதிவு அவ்வூராரின் பொறுப்பிலேயே இருத்தல் வேண்டும். இக்கட்டுரையில் எடுத்துக்காட்டிற்குக்கூட எந்தப் பாரின் கணியமும் தரப்படாமைக்கு இதுவே காரணம்.

முடிவுரை

அறிவைப் பகிர்தல் நன்று என்பது பொதுவிதி. ஆனால் யாருக்கு, எதனுடன் சேர்த்துப் பகிர்கிறோம் என்பதே அதன் அறத்தை முடிவு செய்கிறது. உயிர்காக்கும் அறிவைப் பொதுவில் வைத்து, கடலை வெறுமையாக்கக்கூடிய அறிவைக் காத்துவந்த கடற்கரை மரபு, தொகுப்பாய்வுக்கும் ஓர் அளவுகோலைத் தருகின்றது. தகவல் தருபவர் எனக் குறிப்பிடப்படும் மீனவரை அறிவின் உரிமையாளராக ஏற்பதிலிருந்தே நெய்தல் ஆய்வின் அறம் தொடங்க வேண்டும்.