சான்றிதழும் சத்தியமும்



கனடாவில் வாழும் ஓர் ஆசிரியை அண்மையில் எமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். இங்குள்ள ஆசிரிய கலாசாலை ஒன்றில் பயிற்சி பெற்று, 18 ஆண்டுகள் கணிதம் படிப்பித்தவர். இப்போது ரொறன்ரோவில் ஒரு களஞ்சியத்தில் பெட்டிகளில் பொருள் அடுக்குகிறார். மீண்டும் வகுப்பறைக்குள் நிற்க வேண்டும் என்ற ஆசை அவரை விட்டபாடில்லை. ஆனால் அவரிடம் இருப்பது பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ், பட்டம் இல்லை. பட்டச் சான்றிதழ் ஒன்றை "ஒழுங்குபண்ணித் தரலாம்" என்கிறாராம் உறவினர் ஒருவர்.

அவர் கேட்கும் கேள்வி இதுதான்: "சுவாமி, எனக்குப் படிப்பிக்கத் தெரியும் என்பது பொய்யல்லவே. திறமை மெய்யாயிருக்க, தாள் மட்டும் பொய்யானால் அது பாவமா?"

"ஆம், பாவம்" என்று ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் அழுதுகொண்டு கேட்பவருக்கு ஒரு வரி போதாது. பெயரை மறைத்து, வாசகர்களோடு சேர்ந்தே இதைச் சிந்திக்க விரும்புகிறோம்.

முதலில் நிலைமையை அறிந்துகொள்வோம். ஒன்ராறியோ மாகாணத்தில் அரச நிதியில் நடக்கும் பாடசாலைகளில் ஆசிரியராவதற்கு, 1997 முதல் இயங்கிவரும் ஒன்ராறியோ ஆசிரியர் கல்லூரியின் அனுமதிப்பத்திரம் வேண்டும். பெயர் கல்லூரியாயினும் அது அனுமதி வழங்கும் சபையே. பட்டம், ஆசிரியப் பயிற்சி, ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில் தேர்ச்சி, குற்றப் பதிவு பற்றிய அத்தாட்சி என்பன கேட்கப்படும். கல்விப் பெறுபேறுகளைப் படித்த நிறுவனமே நேரடியாக அனுப்ப வேண்டும். கத்தோலிக்க பாடசாலைகளாயின் பெரும்பாலும் பங்குத்தந்தையின் கடிதமும் தேவை. இவ்வளவும் நிறைவேறிய பின்னரும் பலர் பதிலாசிரியராகவே தொடங்குகின்றனர். காலையில் தொலைபேசி அழைத்தால்தான் அன்று வேலை.

எம் மூத்தவர்களுக்கு இது விளங்குவது கடினம். அவர்கள் நினைவில் இருப்பது நைஜீரியா. 1976இல் அந்நாடு எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச ஆரம்பக் கல்வியைத் தொடங்கியது. எண்ணெய்ப் பணம் இருந்தது; ஆசிரியர்கள் போதவில்லை. நம்மவர் பலர் ஒப்பந்தக் கடிதத்தோடு விமானம் ஏறினர். இறங்கிய நாளிலேயே ஆசிரியர்களாய் இருந்தனர். அது ஒரு நாடு ஆசிரியரைத் தேடிய காலம். கனடா சென்ற நம்மவரோ பெரும்பாலும் அகதியாகவும் குடும்பத்தோடு சேரவும் சென்றவர்கள். தொழிலைப் பின்னரே தேடினார்கள். இந்த வேறுபாட்டை அறியாமல், "அவர் போனவுடன் எடுத்த வேலையை நீ ஏன் எடுக்கவில்லை?" என்று தொலைபேசியில் கேட்பது, அடுக்கிய பெட்டிகளிலும் பாரமான சுமை.

இனிக் கேள்விக்கு வருவோம். ஆசிரியரை ஆசிரியராக்குவது எது?

13ஆம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் ஆசிரியரை வைத்தியருக்கு ஒப்பிட்டார். உடலைச் சுகமாக்குவது உடலுக்குள் இருக்கும் இயற்கைச் சக்தியே. வைத்தியர் அதற்குத் துணை நிற்கிறார். அவ்வாறே பிள்ளை தன் அறிவின் ஒளியாலேயே கற்கிறது. ஆசிரியர் துணை நிற்கிறார். இந்தத் துணைநிற்கும் திறமை ஆண்டுக்கணக்கில் பழகிப் பழகி உள்ளத்தில் ஊறுவது. எந்த அலுவலகமும் அதைக் கொடுத்ததுமில்லை. எந்த அலுவலகத்தாலும் அதைப் பறிக்கவும் முடியாது. ஆகவே, சகோதரி, நீங்கள் இன்றும் ஆசிரியைதான். இதில் ஐயம் வேண்டாம்.

அப்படியானால் தாள் எதற்கு? தாள் உங்களுக்காக அன்று. முன்பின் அறியாத ஒருவரிடம் தன் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு வேலைக்கு ஓடும் ஒரு தாய்க்காக. உங்கள் 18 ஆண்டுகளை அவள் கண்டதில்லை. உங்கள் அதிபரை விசாரிக்க அவளுக்கு வழியுமில்லை. தாளை நம்பியே பிள்ளையை விடுகிறாள். ஆகவே தாள் என்பது அவளுக்குக் கொடுக்கும் வாக்கு.

அந்த வாக்கு என்ன சொல்கிறது? "எனக்குப் படிப்பிக்கத் தெரியும்" என்று மட்டும் சொன்னால் அது மெய்யே. ஆனால் பொய்ச் சான்றிதழ், "இன்ன பல்கலைக்கழகம் என்னைச் சோதித்துச் சித்தியென்று கண்டது" என்கிறது. அப்படி ஒன்று நடக்கவில்லை. உங்கள் திறமையின் மெய் இந்தப் பொய்யை மூடப் போதாது.

நீங்கள் கணித ஆசிரியை. படிமுறை காட்டாமல், பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதிய விடைக்கு நீங்கள் முழுப் புள்ளி கொடுத்ததுண்டா? "விடை சரிதானே, ரீச்சர்" என்று அந்தப் பிள்ளை கேட்டால் என்ன சொன்னீர்கள்? அந்தப் பதிலை நாளை கனடாவில் ஒரு பிள்ளைக்கு எந்த முகத்தோடு சொல்வீர்கள்? மேலும், ஒரு பொய்த்தாள் பிடிபட்டால், பின்னால் வரும் நம்மவர் பத்துப் பேரின் மெய்த்தாள்களும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

ஆயினும் நீதி ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதன்று. ஒரு நாடு தன் பிள்ளைகளுக்காக ஆசிரியரைச் சோதிக்கலாம், முடியாததைக் கேட்கலாகாது. ஈரானில் இலக்கியம் படிப்பித்த ஓர் ஆசிரியை அடக்குமுறைக்குத் தப்பிக் கனடாவில் அகதியானார். ஊரிலிருந்து அதிகாரிகளே நேரடியாகப் பத்திரங்களை அனுப்ப வேண்டும் என்றார்கள். தம்மைத் துன்புறுத்திய அரசிடம் எப்படிக் கேட்பது? அவர் நீதிமன்றம் சென்றார். இத்தகையோரின் தகுதியை வேறு வழிகளில் அறிய ஆசிரியர் சபை கடமைப்பட்டது என்று 2007இல் ஒன்ராறியோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கவனியுங்கள்: அவர் தாளைப் பொய்யாக்கவில்லை, வாய்மூடி இருக்கவுமில்லை. "என்னை நேர்மையாகச் சோதியுங்கள்" என்று கேட்டார். பொய்க்கும் மௌனத்துக்கும் நடுவே இப்படி ஒரு வழி உண்டு. போரில் கோப்புகளை இழந்த நம்மவர்களும் இதை அறிந்திருப்பது நல்லது.

பட்டமே இல்லாத எம் சகோதரிக்கு வழி வேறு. ஒன்ராறியோவில் 2010இல் தொடங்கிய முழுநாள் பாலர் வகுப்புகளில் ஆசிரியரோடு, ஈராண்டு டிப்ளோமா பெற்ற முன்பள்ளிக் கல்வியாளர் ஒருவரும் பணிபுரிகிறார். பகுதிநேரமாகப் பட்டம் படிக்கலாம். வார இறுதியில் பாடசாலைச் சபைகள் நடத்தும் தமிழ் வகுப்புகளில் படிப்பிக்க அந்த அனுமதிப்பத்திரம் பொதுவாகத் தேவையில்லை. கொரிந்து நகருக்குப் புதிதாய் வந்த புனித சின்னப்பரும் கூடாரம் செய்தே பிழைத்தார்; ஓய்வுநாள்களில் போதித்தார். கூடாரம் செய்ததால் அவருடைய போதனை குறைந்துவிடவில்லை.

இவ்வழிகள் நீண்டவை. சிலருக்கு நிறைவேறாமலே போகலாம். இதை மறைத்து ஆறுதல் சொன்னால், அதுவும் நாம் கொடுக்கும் ஒரு பொய்த்தாளே.

குடும்பத்தவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பொய்த்தாள் முதலில் பிறப்பது அச்சகத்தில் அல்ல, "இன்னும் வேலை கிடைக்கவில்லையா?" என்று நாம் கேட்கும் கேள்வியில். அடுத்த முறை தொலைபேசி எடுக்கும்போது, அந்தக் கேள்வியை விட்டு, "ரீச்சர், சுகமாயிருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். அப்படி அழைக்க எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.