குவாரி வரியும் ஊரார் பங்கும்

தென் மாவட்டக் கடற்கரைகளில் தாது மணல் அள்ளிய நிறுவனங்களிடம் 5,832 கோடி ரூபாயை வசூலிக்கவும், முறைகேடுகளை சிபிஐ விசாரிக்கவும் 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கு முந்தைய மாதம்தான், திருமயம் அருகே கல்குவாரி முறைகேடுகளைப் பற்றி ஓயாமல் புகார் கொடுத்து வந்த ஒருவர் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். மேலூர் வட்டாரக் கிரானைட் குவாரிகளால் 16,338 கோடி ரூபாய் போய்விட்டது என்று அன்றைய மதுரை ஆட்சியர் உ. சகாயம் எழுதியது 2012-இல். கோப்புகளில் இதற்கெல்லாம் ‘அரசுக்கு வருவாய் இழப்பு’ என்று பெயர். மண்ணுக்கடியில் கிடப்பது ஊர்ப் பொதுச்சொத்து. அதைத் தோண்டி விற்கிறவர் உரிய பங்கைக் கட்டாமல் போனால் அது திருட்டு. இதில் தயங்க ஒன்றுமில்லை.

நெசவாளி நெய்கிறார், உழவர் விளைவிக்கிறார். அவர்கள் உழைப்பில் அரசு கை வைக்கும்போது கூச்சம் இருக்க வேண்டும். சுண்ணாம்புக்கல்லை யாரும் விளைவிக்கவில்லை. வயலில் அடுத்த போகம் உண்டு, வெட்டிய பாறைக்குக் கிடையாது. பிறக்காத பிள்ளைகளின் பங்கும் சேர்த்துத்தான் லாரியில் ஏறுகிறது. வள்ளுவர் அரசனுக்குரிய பொருள்களை வகைப்படுத்தும்போது உறுபொருளை முதலில் வைக்கிறார். உடையவர் இல்லாமல் தானாக வந்து சேர்வது என்று அதற்குப் பொருள் சொல்லி, நெடுங்காலம் நிலத்தில் கிடந்து கண்டெடுக்கப்பட்டதையும் அதில் சேர்க்கிறார் பரிமேலழகர். கருவூலத்தின் ஊற்றே சுரங்கம்தான் என்பது கௌடில்யரின் கணக்கு. பெருஞ்செலவு பிடிக்கும் சுரங்கத்தைப் பங்குக்கோ குத்தகைக்கோ விடலாம் என்கிறார் அவர். சும்மா விடச் சொல்லவில்லை. பிறர் பொருளுக்கு ஆசைப்படாதே என்று முதல் பாடலிலேயே சொல்லும் ஈசாவாஸ்ய உபநிடதத்தைக் காந்தி தலைமேல் வைத்துக் கொண்டாடியதும் இங்கே நினைக்கத் தக்கது.

வரியைக் குறைக்கச் சொல்பவர்கள் வழக்கமாகப் பிசிராந்தையாரைத் துணைக்கு அழைப்பார்கள். நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் வரும். யானையே வயலில் இறங்கினால் தின்றதைவிட மிதித்தது அதிகம் என்று பாண்டியன் அறிவுடை நம்பிக்கு அவர் சொன்ன அறிவுரை. மேலூர்ப் பக்கம் போய்ப் பார்த்தால் யானை யாரென்று தெரியும். விலைபோகும் கல்லை அறுத்தெடுத்துக்கொண்டு கழிவுக்கல்லைக் கண்மாயில் கொட்டினார்கள்; வரத்து வாய்க்கால்கள் இருந்த இடம் தெரியாமல் மூடிப்போயின. அந்தக் கண்மாயை நம்பிய ஆயக்கட்டுக்காரர் கட்டிய தீர்வை மட்டும் ஒழுங்காகக் கணக்கில் ஏறியது. கொடியவரை ஒறுப்பதைக் களையெடுப்போடு சேர்த்துச் சொன்ன வள்ளுவருக்கு இதில் இரண்டு கருத்து இருந்திருக்காது.

சட்டமும் நெடுநாள் தடுமாறியது. தமிழ்நாட்டில் சுண்ணாம்புக்கல் ராயல்டியின்மேல் ஊராட்சிக்கான செஸ் விதித்ததை 1989-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ராயல்டியே வரிதான், அதன்மேல் இன்னொன்றை மாநிலம் விதிக்க முடியாது என்பது காரணம். 35 ஆண்டு கழித்து, 2024 ஜூலை 25 அன்று, ஒன்பது நீதிபதிகள் அமர்வு எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைத் திருத்தியது. ராயல்டி என்பது குத்தகைக்காரர் தர வேண்டிய தொகை, வரி வேறு என்று தெளிவாயிற்று. அந்த ஆண்டே தமிழக சட்டமன்றம் கனிமவள நிலவரிச் சட்டத்தை நிறைவேற்றியது. 2025 ஏப்ரலிலிருந்து சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய். அதிகம் என்பவர்கள் ராயல்டியைப் பார்க்கட்டும்: 2014 செப்டம்பரில் டன்னுக்கு 80 ரூபாய் என்று வைத்தது, பத்தாண்டு தாண்டியும் அப்படியே நின்றது. அந்தப் பத்தாண்டில் சிமென்ட் மூட்டை விலை நின்றதா?

மறுபக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. மாநிலங்கள் போட்டி போட்டு வரி ஏற்றினால் கனிம விலை தாறுமாறாகும் என்று மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி நாகரத்னா எச்சரித்தார். 2025 ஏப்ரலில் குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது எம்-சாண்டும் ஜல்லியும் கிடைக்காமல் வீடு கட்டுவோர் தவித்தார்கள். கடைசியில் அரசு இறங்கி வந்து சாதாரணக் கல்லுக்கு அரசிடம் கட்டும் சீனியரேஜ் தொகையை டன்னுக்கு 33 ரூபாய் ஆக்கியது. சுமை கடைசியில் வாங்குபவர் தலையில்தான் விழும் என்பதும் உண்மை. ஆனால், களவுக் கல்லின் விலை குறைவு என்பதற்காகக் களவை யாரும் தர்மம் என்று சொல்லிவிட முடியாது.

விகிதத்தைவிடப் பெரிய அநீதி அளவில் இருக்கிறது. ஒரு நடைச்சீட்டு ஒரு நடைக்கு. அதே சீட்டில் மூன்று நடை ஓடுகிறது என்று குவாரி உள்ள ஊர்களில் டீக்கடைக்குக்கூடத் தெரியும். எடை மேடையில் ஏறாத டிப்பருக்கு 33 ரூபாய் வைத்தாலும் 330 வைத்தாலும் ஒன்றுதான். கண்டுகொள்ளாத அதிகாரி அந்தத் திருட்டில் பங்காளி.

2015 கனிமச் சட்டத் திருத்தத்தின்படி சுரங்கப் பணியால் பாதிக்கப்பட்ட மாவட்டந்தோறும் கனிம அறக்கட்டளை இருக்கிறது. பெருங்கனிமங்களின் பழைய குத்தகைக்காரர்கள் ராயல்டியில் 30 சதவீதமும், ஏலத்தில் எடுத்தவர்கள் 10 சதவீதமும் அதில் தனியாகக் கட்டியாக வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கான பணம் அது. உங்கள் ஊரில் குவாரியோ சுரங்கமோ இருந்தால் வரும் கிராம சபையில் எழுந்து மூன்று கணக்கைக் கேளுங்கள்: எத்தனை நடைச்சீட்டு வழங்கினார்கள், எத்தனை டன் போயிற்று, அறக்கட்டளைப் பணத்தில் ஊருக்கு வந்தது எவ்வளவு. பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்துவிட்டே எழுந்து வாருங்கள்.