விட்டுவிட்ட மீன்

பிடித்த மீனைத் திரும்பவும் ஆற்றிலே விட்டுவிடுகிறவனைத் தயாளன் என்பதா, கொடியவன் என்பதா? சில ஆண்டுகளாக இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை.

என் நண்பர் ஒருவர் தேயிலைத் தோட்டத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கத்து ஓடை ஒன்றுக்கு, உரிய அனுமதிச் சீட்டுடன், ஒருநாள் காலை என்னை அழைத்துப் போனார். அங்கே டிரவுட் மீன் உண்டு. அது நம் நாட்டு மீன் அன்று. குளிர்ந்த நீரில் வாழும் அந்த ஜாதியை வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து மலை ஓடைகளில் விட்டார்கள். அவலாஞ்சியில் 1907ஆம் ஆண்டில் குஞ்சு பொரிப்பகமும் அமைத்தார்கள். அவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள், மீன் தங்கிவிட்டது.

இதைப் பிடிக்க நண்பர் மண்புழுவைத் தொடுவதில்லை. தூண்டில் முள்ளின்மேல் இறகையும் நூலையும் சுற்றி ஓர் ஈயைச் செய்துவிடுகிறார். அந்த ஈக்கு எடை இல்லை. வீசும்போது கயிற்றின் எடைதான் அதைச் சுமந்துபோய், தானாக உதிர்ந்த பூச்சிபோல நீர்மேல் இறக்குகிறது. டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்து நின்று, ஓட்டம் கொண்டுவரும் இரைக்குக் காத்திருக்கும். ஆகவே நண்பர் அதன் வால்பக்கமாகப் பூனைபோல் அடிவைத்து நடந்தார்.

“அது எதைத் தின்ன ஆசைப்படுகிறது என்று மீனுக்குள் புகுந்து யோசிக்க வேண்டும், ஸார்” என்றார்.

கதை எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல உபதேசம் உண்டா? பிறர் மனத்தை அறிவது அன்புக்குத்தான் என்று அதுவரை நம்பியிருந்தேன். ஏமாற்றுவதற்கும் அதே அறிவுதான் வேண்டியிருக்கிறது.

மூன்றாவது வீச்சில் மீன் சிக்கியது. துள்ளியது, பாறைக்கடியில் பாய்ந்தது, கடைசியில் ஓய்ந்து வந்தது. விலாவில் இளஞ்சிவப்புப் பட்டை பளபளத்தது.

“கொல்ல மாட்டேன், ஸார். விட்டுவிடுவேன். அதற்குமுன் ஒரு படம் எடுங்கள்” என்று அதை உயரத் தூக்கிப் பிடித்தார்.

எனக்குக் காமிரா பழக்கமில்லை. வெயில் வேறு எதிரே அடித்தது. “இன்னும் ஒன்று” என்று நானே சொன்னேன். பிறகு நீரில் விட்டார். மீன் சிறிது நேரம் அசையாமல் நின்று, மெல்ல நகர்ந்து மறைந்தது. நண்பர் முகத்தில் தானம் செய்தவரின் நிறைவு. அந்தப் புண்ணியத்தில் எனக்கும் பங்கு கிடைத்ததாகவே தோன்றியது.

பிறகுதான் ஒரு விஷயம் படித்தேன். 1992இல் கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர், நீலகிரியில் இருக்கிற அதே ரெயின்போ டிரவுட் வகையைச் சோர்ந்துபோகும் வரை விரட்டிச் சோதித்தார்கள். காற்றுப்படாமல் நீரிலேயே இருந்தவற்றில் நூற்றுக்கு 12 பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இறந்தன. 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 38 இறந்தன. 60 விநாடி வைத்தவற்றில் 72! நீரில் விசிறிபோல் விரியும் செவுள் காற்றில் ஒட்டிக்கொண்டுவிடுகிறது. ஆய்வுக்கூடத்துக் கணக்கு ஓடையில் அப்படியே பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் நான் படமெடுக்க எத்தனை விநாடி பிடித்தது என்று எண்ணிப் பார்க்கத் துணிவு வரவில்லை.

விட்டுவிடுவதற்கும் நியாயம் உண்டு. எல்லாரும் பிடித்ததையெல்லாம் தின்றால் ஓடை வெறுமையாகிவிடும். ஜெர்மனியிலோ, தின்னும் எண்ணமின்றி, விடுவதற்கென்றே மீன் பிடிப்பதைப் பிராணிவதை என்று கருதுகிறார்கள். பசிக்காகக் கொல்கிறவன் காரணத்தை ஒளிப்பதில்லை. நாமோ மீனிடமிருந்து நம் சந்தோஷத்தை எடுத்துக்கொள்கிறோம். உயிரை மட்டும் திருப்பிக் கொடுத்து, அதைத் தானம் என்று கணக்கெழுதிக்கொள்கிறோம். பறித்ததைத் திருப்பித் தருவது நல்லதுதான். ஆனால் அதற்குப் பெயர் தானமா?

அன்று அந்த இரக்கத்துக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. சாட்சிக்காக நின்ற நேரமெல்லாம் மீனின் மூச்சிலிருந்து போயிற்று. ஏழைக்கு உதவும்போதும், நோயாளியைப் பார்க்கப் போகும்போதும் நாம் இப்படித்தானோ என்று ஐயமாயிருக்கிறது.

நண்பர் மறுபடி அழைத்தால் போவேன். காமிராவை வீட்டில் வைத்துவிட்டுப் போவேன். அதனால் என் கேள்வி தீர்ந்துவிடாது. மீனுக்கு ஒரு நிமிஷம் மிஞ்சும்.