நந்தனார் கீர்த்தனையின் ஊற்று

இசைப்பாடல் ஒன்று பிறப்பதற்குத் தூண்டுதலாய் அமைவது எது? கேட்பதற்கு எளிய வினாதான். ஆயினும் ஆராயப் புகுந்தால் அது அறம் பற்றிய வேறொரு வினாவில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையைக் கொண்டு இதனைச் சிந்திக்கலாம்.

சில பாடல்களுக்குச் செவியே ஊற்று. திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் ஆபோகி இராகக் கீர்த்தனையைக் கேட்ட பாரதியார், அதே இராகத்தில் தில்லைச் சபாபதியின்மேல் ஒரு பாடல் இயற்றினார் என்பர். இதில் வழக்கு எதுவும் இல்லை.

நந்தனார் கதை அத்தகையதன்று. அதற்கு மூலம் சேக்கிழாரின் பெரிய புராணம். (மன்னன் நம் திருத்தக்க தேவரின் சிந்தாமணியில் உள்ளம் தோய்ந்திருந்தமை கண்டே சேக்கிழார் அந்நூலைப் பாட முற்பட்டார் என்பது சேக்கிழார் புராணம் கூறும் செய்தி. மாறுபாடும் ஒரு நூலுக்குத் தூண்டுதல் ஆகலாம் போலும்!) சேக்கிழார் காட்டும் நந்தனார், ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்ந்து, கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் அளித்துவந்த தொண்டர். அவரைத் தடுப்பார் எவரும் இலர். தம் குலத்தை எண்ணித் தாமே தயங்கி, நாளை போவேன், நாளை போவேன் என நாள்களைக் கழிக்கிறார்.

பாரதியாரின் கீர்த்தனையிலோ ஒரு வேதியர் வருகிறார். நந்தனார் அவருடைய பண்ணையாள். தில்லைக்குச் செல்ல விடை வேண்டியவரிடம், நாற்பது வேலி நிலத்தின் வேளாண்மையையும் முடித்துவிட்டுப் போ என்கிறார் அந்த ஆண்டை. இவ்வேதியர் பெரிய புராணத்தில் இல்லை. அவரைப் பாரதியார் எங்கே கண்டார்? தம்மைச் சூழ்ந்திருந்த தஞ்சை வயல்வெளியில்தான் என்பது என் துணிபு. அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று 1843இல் அரசு விதித்தது. கீர்த்தனை அச்சேறியது 1860களின் தொடக்கத்தில். சட்டம் வந்த பின்னரும் பண்ணையாளின் நிலை பெரிதும் மாறிவிடவில்லை. பாரதியாரோ அந்தணர், மிராசுதாரர்களின் ஆதரவில் வாழ்ந்தவர். அவர் தம் குலத்தார் ஒருவரையே கொடியவராக்கிப் பாடினார் என்பதை நாம் எளிதாகக் கடந்துவிடல் ஆகாது.

மூலத்தில் இல்லாததைச் சேர்த்தமை பொய்யாகுமா? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்கள் சிறப்புப் பாயிரம் அளிக்கத் தயங்கினார். இலக்கணப் பிழை ஒரு காரணம். பெரிய புராணத்திற்கு மாறுபட்ட கதை மற்றொன்று. பாரதியார் வாதிடவில்லை; பிள்ளையவர்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பாடினார். கேட்டவர் மனம் உருகிப் பாயிரம் தந்தார். உ.வே. சாமிநாதையர் இதனைப் பதிவு செய்துள்ளார்.

பிள்ளையவர்களின் தயக்கம் முறையானதே. இன்றும் பலர் அவ்வேதியரைச் சேக்கிழார் படைத்தவர் என்றே எண்ணுகின்றனர்; 1942இல் தண்டபாணி தேசிகர் நடித்த திரைப்படமும் அவ்வெண்ணத்தை வலுப்படுத்தியது. வகுப்பில் இதனைத் திருத்துவது எளிதாக இருந்ததில்லை. எனினும் பாரதியாரைப் பொய்யர் என்னேன். நடவாத கதையில் நாட்டில் நடந்ததைச் சொன்னார். ஒருவர்மீதும் பழி சுமத்தித் தமக்கு ஆதாயம் தேடவில்லை.

என்னை உறுத்துவது வேறு. இப்பாட்டின் ஊற்று பண்ணையாளின் துயரம். அந்தத் துயரம் கதாகாலட்சேப மேடைகளில் இனிய இசையாயிற்று. கேட்டோர் கண்ணீர் வடித்தனர். ஊற்றாய் இருந்தவர்க்கு அக்கண்ணீரால் கிடைத்தது என்ன? காலட்சேபம் முடிந்து வீடு திரும்பிய பெருமக்கள் மறுநாள் தம் பண்ணையாளை எவ்வாறு அழைத்திருப்பர்? பாரதியாரும் தம் நந்தனாரைத் தீயில் மூழ்குவித்தே தில்லைக்குள் அனுப்பினார். அவ்விடத்தில் அவர் மூலத்தை மாற்றத் துணியவில்லை.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்டோரை அழைத்துச் சென்றது 1939 ஜூலை 8ஆம் நாள். கீர்த்தனை அச்சாகி அப்போது ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.