அறியாதிருக்கும் உரிமை

மரபணுவில் தனக்கென்று எழுதியிருப்பதைத் தெரிந்துகொள்ளாமலே வாழும் உரிமை, யுனெஸ்கோவின் 1997-ஆம் ஆண்டுப் பிரகடனத்திலும் அதே ஆண்டின் ஐரோப்பிய ஒவியேதோ ஒப்பந்தத்திலும் ஏற்கப்பட்டிருக்கிறது. மரபணுத்தொகை மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் படிப்பவருக்கு மரபணு வரிசையைப் படிக்கும் முறையைக் கற்றுத்தரலாம். படித்ததை யாரிடம் சொல்வது என்ற இடத்தில்தான் பாடம் தத்துவமாகிவிடுகிறது.

இதற்கு வழக்கமாக எடுத்தாளப்படுவது ஹண்டிங்டன் நோய். 4-ஆம் குரோமோசோமில் ஒரு மரபணுவுக்குள் சி-ஏ-ஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். அது 40 முறையோ அதற்கு மேலோ வந்தால், முழு ஆயுள் வாழ்பவருக்கு நோய் ஏறக்குறைய உறுதி. பெரும்பாலும் 30 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையில் தொடங்கும். அந்த மரபணு கண்டறியப்பட்டது 1993-இல். நோய் வராமல் தடுக்கும் மருந்து நடைமுறையில் இல்லை. தலையெழுத்து என்ற சொல் இவ்வளவு நேர்ப்பொருளில் பொருந்துவது அரிது. சோதனை இருந்தும், நோய் வரக்கூடிய குடும்பங்களில் பிறந்தவர்களில் பெரும்பாலோர் அதை நாடுவதில்லை.

இந்த விலகல் முறையல்ல என்கிறார் தத்துவவாதி ரோசமண்ட் ரோட்ஸ். தன் வாழ்வைத் தானே தீர்மானிக்க உரிமை கேட்பவர், தீர்மானிப்பதற்குத் தேவையான அறிவை வேண்டாம் என்று தள்ள முடியாது என்பது தத்துவஞானி காண்ட் வழி வந்த அவருடைய வாதம். மருந்தில்லாத நோய் என்பதற்காக இவ்வாதத்தை ஒதுக்கிவிட இயலாது. திருமணமும் பிள்ளைப்பேறும் மருந்துக்காகக் காத்திருப்பதில்லை.

ஆனால் காண்ட் கருதிய மனிதர் தனியாள். மரபணு தனியாளின் சொத்து அல்ல. தாத்தாவுக்கு நோய்; தாய்க்கு வாய்ப்பு பாதி, பேரனுக்குக் கால். தாய் சோதனை வேண்டாம் என்கிறார். பிள்ளை பெறுமுன் தெரிந்தாக வேண்டும் என்கிறான் மகன். அவனிடம் அந்த மரபணு இருந்தால், தாயின் உடலிலிருந்து ஒரு சொட்டு ரத்தமும் எடுக்காமலே தாய்க்கும் தீர்ப்பு எழுதியாயிற்று. அவனிடம் இல்லையென்றாலோ தாய்க்கு விடுதலை கிடைப்பதில்லை. வாய்ப்பு பாதியிலிருந்து மூன்றில் ஒன்றாகக் குறையும், அவ்வளவுதான். இருவரும் ஒத்துவராதபோது, சர்வதேச வழிகாட்டு நெறிகள் வளர்ந்த பிள்ளையின் பக்கமே சாய்கின்றன. அறியாமையைக் காக்கும் உரிமை, அறியும் உரிமைக்கு முன்னால் வலுவிழப்பதையே அது காட்டுகிறது.

மறுபக்கமும் உண்டு. இங்கிலாந்து உயர் நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்த வழக்கில், ஹண்டிங்டன் நோயுள்ள தந்தை, கருவுற்றிருந்த மகளிடம் சொல்ல வேண்டாம் என்று மருத்துவர்களிடம் கேட்டிருந்தார். மகளுக்கும் அந்த மரபணு இருப்பது பின்னர் தெரிந்தது. இரு தரப்பின் நலனையும் சீர்தூக்கும் கடமை மருத்துவர்களுக்கு உண்டு என்று ஏற்ற நீதிமன்றம், அக்கடமை மீறப்படவில்லை என்று மகளின் கோரிக்கையைத் தள்ளியது. அந்த மகளிடம் "தெரிந்துகொள்ள விருப்பமா?" என்று கேட்டிருக்கலாம் என்று தோன்றும். அப்படிக் கேட்பதற்கே செய்தியில் பாதியைச் சொல்லியாக வேண்டும்.