கத்தரி நாற்றும் கொல்லாமையும்

நேற்று மாலை வரை முழுசாக இருந்த கத்தரி நாற்றின் இலை விடிந்ததும் ஓட்டை ஓட்டையாகக் கிடக்கிறது. தோட்டக்காரர் பக்கத்துச் செங்கலைப் புரட்டுகிறார். பழுப்பு நிறத்தில், வால்நுனியில் இடுக்கியோடு ஒரு பூச்சி வெளிச்சத்துக்கு அஞ்சி ஓடுகிறது. அடுத்த நொடி செருப்பு இறங்குகிறது.

அந்த மிதி பாவமா? கேள்வி சின்னதாகத் தோன்றலாம். ஆனால் இந்த மண்ணின் அறநூல்களும் சமயங்களும் இதோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியிருக்கின்றன. திருக்குறளின் 33-ஆம் அதிகாரம் கொல்லாமை. 104-ஆம் அதிகாரம் உழவு. இரண்டையும் ஒரே நூல் போற்றுகிறது. ஆனால் ஒரு சால் ஓட்டினாலே மண்ணுக்குள் எத்தனையோ உயிர்கள் மடிகின்றன.

கையில் கறை படாமலிருக்க ஒரு வழி உண்டு: மண்ணைத் தொடாமலே இருந்துவிடுவது. பௌத்தத் துறவியர் மண்ணைத் தோண்டக்கூடாது, செடிகொடிகளை வெட்டக்கூடாது என்று விநய விதிகள் தடுக்கின்றன. ஆனால் அவர்கள் திருவோட்டில் விழும் சோற்றுக்காக வேறொருவர் தோண்டத்தான் வேண்டும். சந்தையில் காய் வாங்கிச் சமைக்கும் நகரத்துக் குடும்பமும் அதே நிலையில்தான் இருக்கிறது. கொலை அவர்கள் கண்ணில் படுவதில்லை, அவ்வளவே.

இந்தச் சிக்கலை நேருக்கு நேர் எதிர்கொண்டது சமணம். நிலத்தைக் கிளறிப் பிழைக்கும் தொழிலை இல்லறத்தார் தவிர்க்க வேண்டும் என்று சில சமண நூல்கள் சொல்கின்றன. ஆனால் முதல் தீர்த்தங்கரர் ரிஷபரே மக்களுக்கு உழவைக் கற்றுக்கொடுத்தவர் என்றும் சமண மரபு சொல்கிறது. வந்தவாசி, ஆரணி, செஞ்சி வட்டாரங்களில் வாழும் தமிழ்ச் சமணர்களான நயினார்கள் தலைமுறை தலைமுறையாக வேளாண் குடிகள். இரவு உணவைத் தவிர்க்கும் நோன்பும் ஏர் பிடிக்கும் வாழ்வும் ஒரே வீட்டில் இருந்திருக்கின்றன.

எப்படி? சமணம் இம்சையை நான்காகப் பிரிக்கிறது: வேண்டுமென்றே செய்வது, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. இல்லறத்தார் முதலாவதை அறவே விட வேண்டும். மற்ற மூன்றையும் முடிந்த மட்டும் குறைக்க வேண்டும். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இன்னும் ஆழமாகப் போகிறது. கவனமின்மையால் உயிருக்குச் செய்யும் ஊறே இம்சை என்பது அதன் வரையறை. உயிர் போனதா என்பதோடு அது நிற்கவில்லை. செய்தவர் விழிப்போடு இருந்தாரா என்றும் கேட்கிறது.

இந்த அளவுகோலை வைத்துச் செங்கலடிப் பூச்சியைப் பார்க்க வேண்டும். இடுக்கிவால் பூச்சிகளில் சுமார் 2,000 இனங்கள் உண்டு. பெரும்பாலானவை இரவில்தான் நடமாடும். இளநாற்றையும் பூவிதழையும் கடிப்பவை உண்டு. நிலக்கடலைக் காயைத் துளைப்பவையும் உண்டு. ஆனால் அசுவினியையும் பூச்சி முட்டைகளையும் தின்று விவசாயிக்கு உதவுபவையும் இவையே. ஐரோப்பாவின் ஆப்பிள் தோட்டங்களில் அசுவினியைக் கட்டுப்படுத்த இவற்றை விரட்டாமல் காக்கிறார்கள். பிலிப்பைன்சில் மக்காச்சோளத் தண்டுத் துளைப்பானுக்கு எதிராக இவற்றை வளர்த்தே வயலில் விடுகிறார்கள். கம்பளிப்புழுவோ நத்தையோ தின்ற இலைக்கு, பகலில் செங்கலடியில் ஒதுங்கிய இந்தப் பூச்சி பழி சுமப்பது அடிக்கடி நடக்கிறது.

இன்னொன்றும் செங்கலடியில் இருக்கலாம். தாய்ப்பூச்சி முத்துப்போன்ற வெண்முட்டைகளைக் குவித்து வைத்துக் காக்கும். பூஞ்சை பிடிக்காமலிருக்க ஒவ்வொன்றாக வாயால் துடைத்துப் புரட்டும். குவியல் கலைந்தால் முட்டைகளைத் தூக்கிவந்து மறுபடி ஒன்றுசேர்க்கும்.

ஆகவே முதல் கடமை, யார் தின்றது என்று பார்ப்பது. இரவு டார்ச்சோடு போனால் குற்றவாளி இலைமேலேயே அகப்படும். இடுக்கிவால் பூச்சிதான் என்றால், நாற்றின் தண்டையொட்டி மூடாக்கோ செங்கலோ கிடக்கவிடக் கூடாது. மாலையில் ஈரச் செய்தித்தாளைச் சுருட்டிச் செடியருகே வைத்தால் விடியும்போது அவை அதற்குள் ஒதுங்கியிருக்கும். எடுத்துப்போய்த் தோட்டத்துக் கோடியிலுள்ள மரத்தடியில் உதறிவிடலாம். நாற்று தேறிவிட்டால் ஓரிரு ஓட்டை விழுந்தாலும் தாங்கிக்கொள்ளும்.

இதையெல்லாம் செய்தும் கடலைக்காடு பறிபோகிறது என்றால், குடும்பத்துச் சோற்றைக் காக்க அந்த விவசாயி மருந்து போடுவதைப் பாவம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அவர் விளைவித்ததைத் தின்பவர்களுக்கு அறவே இல்லை. ஆனால் நாலு தொட்டி கத்தரிக்காக, தின்றது யார் என்றுகூடப் பார்க்காமல் மருந்து தெளிப்பதை எந்தச் சமயமும் தொழிலில் நேர்ந்த இம்சை என்று ஏற்காது. வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் மருந்துக் கடைக்குப் போகுமுன் ஓர் இரவாவது டார்ச்சோடு செடியருகே நின்று பார்க்க வேண்டும்.