வலையும் சீலமும்

மீன் பிடித்துப் பிழைப்போர் பௌத்தராதல் கூடுமோ என்னும் ஐயம் நம்மவரிடையே எழுவதுண்டு. பஞ்சசீலத்துள் முதலாவது உயிர்க்கொலை தவிர்த்தல். உயிர்களை விற்றலும் புலால் விற்றலும் உபாசகர்க்கு ஆகாத ஐந்து வாணிகங்களுள் அடங்கும் என்று அங்குத்தர நிகாயம் கூறுகின்றது. ஆதலின் மீனவர்க்கு நம் சங்கத்தில் இடமில்லை எனச் சிலர் முடிவு கட்டுகின்றனர். அம்முடிவு தம்மத்திற்கு இசைந்ததோ என்று ஆராய்வோம்.

கொல்கத்தாவின் கிழக்கேயுள்ள சால்ட் லேக் இதற்குத் தக்க சான்றாகும். இன்று மாளிகைகள் நிறைந்த அவ்விடம் முன்னாளில் உப்புநீர் ஏரியாயிருந்தது. வித்யாதரி ஆறு தூர்ந்தபின் கடல்நீர் வரவு குன்றியது. நகரின் கழிவுநீர் அங்குப் பாய்ந்தது. மீனவர் அந்நீரை ‘பேரி’ எனப்படும் ஆழமற்ற குளங்களிலே தேக்கினர். வெயிலால் கழிவு சிதைந்து பாசி தழைத்தது; அதனால் ரோகு, கட்லா முதலிய நன்னீர் மீன்கள் வளர்ந்தன. நகரின் அழுக்கு நீர் தூய்மையுற்றது; நகருக்கு உணவும் கிடைத்தது.

1962-இல் ஹூக்ளி ஆற்றின் வண்டலைக் குழாய்வழிக் கொணர்ந்து ஏரியின் ஒரு பகுதியைத் தூர்க்கத் தொடங்கினர். மண்ணில் புதைந்த உயிர்களுக்குக் கணக்குண்டோ? அங்கு வலை வீசி வாழ்ந்தோரின் பிழைப்பும் உடன் புதைந்தது. ஏரியைத் தூர்த்தோரைக் கொலைஞர் என எவரும் சொல்லக் கேட்டோமில்லை. வலை வீசுவோனையோ, நம் நாடு பிறப்பினாலேயே தாழ்ந்தவன் என்றது. தூர்க்கப்படாது எஞ்சிய நீர்நிலங்கள் 12,500 ஹெக்டேர் பரப்புடன் 2002-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. அவற்றைக் காத்து நிற்பதில் மீனவர் உழைப்புக்குப் பெரும் பங்குண்டு.

இதனால் மீனைக் கொல்வது அறமாகிவிடுமோ? ஆகாது. நமக்கு உயிர் இனிதாதல் போலவே மீனுக்கும் இனிது. ‘ஆரியன்’ என்று பெயர் பூண்ட மீனவனிடம், உயிர்களைத் துன்புறுத்துவோன் ஆரியனாகான் என்று பகவன் புத்தர் தெளிவுறுத்தினார். அப்பெருமானே மீனவர் குடியிற் பிறந்த யசோஜரைச் சங்கத்தில் ஏற்றார்; யசோஜர் அருகதரானார். பகவன் செய்கையைக் கடிந்தார், பிறப்பைக் கடிந்தாரல்லர்.

மேலும், வாங்குவோர் இன்றி விற்போர் இல்லை. தமக்கெனக் கொன்றதல்லாத ஊனை ஏற்கலாம் என்ற விதி பிச்சையேற்று உண்ணும் பிக்குகளுக்குரியது. சந்தையில் விலை பேசும் நமக்கு அது புகலாகாது. மீனை உண்டுகொண்டே மீனவனை விலக்குதல், சாதியைச் சீலத்தின் பெயரால் மீண்டும் அழைத்து வருவதேயாகும்.

சீலம் என்பது ஒருவன் தானே விரும்பி ஏற்கும் பயிற்சி. பிறரை அளக்கும் கோல் அன்று. உபோசத நாளில் வலையை உலர விடும் மீனவன் அப்பாதையில் அடி வைத்துவிட்டான். அவன் பிள்ளைகளுக்குக் கல்வியும் வேறு தொழிலும் கிட்டச் செய்வது நம் கடன். நம் உணவிலும், நாம் வாழும் மனையின் அடியிலும் எத்தனை உயிர்கள் மாண்டன என்று எண்ணிப் பார்ப்பதோ அதற்கும் முந்திய கடன்.